புட்டாவின் வெள்ளிக்கிழமைகள்

நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் அது வாலைக் குழைத்துக்கொண்டு வாசலுக்குத்தான் போகும் என்பார்கள். சொன்ன புண்ணியவான் பக் நாயைக் கண்ணால் கண்டிருக்க மாட்டான். ஒக்கலிபுரத்தில் கணேசமூர்த்தி வீட்டுப் புட்டாவைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தால் நடுவீட்டிலேயேதான் கிடக்கும். வாசலுக்கு எவன் போவான், வெயில் அடிக்கிறதே! மின்விசிறிக்கு நேர் கீழே வயிற்றைத் தரையில் அப்பி, நாலு காலையும் நாலு பக்கம் பரப்பி, அது விடுகிற குறட்டையைக் கேட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுச் சாந்தகுமாரி, "மங்களம்மா, யஜமான்ரு இன்னூ எத்தில்வா?" என்று கன்னடத்தில் கேட்பாள். வீட்டுக்காரர் இன்னும் எழுந்திருக்கவில்லையா என்று அர்த்தம். கணேசமூர்த்தி அப்போது வாசலில் நின்று பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்.

அந்த நாய் அவர்கள் கேட்டு வந்ததல்ல. மகன் தருணுக்கு வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. டி.வி.யில் செல்போன் விளம்பரத்தில் பக் நாய் வந்தாலும் வந்தது, ஊரில் சம்பளம் வாங்குகிற பிள்ளைகள் அத்தனை பேரும் அதற்கு ஆலாய்ப் பறந்தார்கள். தருணும் ஒன்று வாங்கினான். வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, கம்பெனி அவனை அமெரிக்காவுக்குப் போகச் சொல்லிவிட்டது. 2005 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கையில் நாயும் இன்னொரு கையில் அதன் மெத்தையுமாக வந்து நின்றான்.

"ஆறே மாசம்ப்பா. கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள வந்துடுவேன்."

"எனக்கு நாய்ன்னாலே ஆவாதுடா. உனக்குத் தெரியாதா?" என்றார் கணேசமூர்த்தி. ரயில்வே பார்சல் ஆபீஸில் முப்பது வருஷம் கழித்தவர். கூண்டில் வருகிற நாய்களிடம் வாங்கிய கடி இன்னும் ஆடுசதையில் தழும்பாக இருந்தது.

நாய் நேராக அவர் மனைவி மங்களத்திடம் போய், அவள் பாதத்தின் மேல் தன் பின்பக்கத்தை வைத்து, தன் வீட்டு நாற்காலி போல உட்கார்ந்துகொண்டது. அவள் காலை எடுக்கவில்லை. ஒரே பிள்ளை விமானம் ஏறப்போகிற நேரத்தில் அவளுக்கு அந்தக் கனம் வேண்டியிருந்தது.

தருண் அதற்கு வைத்த பேர் டைசன். சாந்தகுமாரி எட்டிப் பார்த்துவிட்டு, சின்னப் பையன் என்று கன்னடத்தில் கொஞ்சுவது போல "புட்டா" என்று கூப்பிட்டாள். டைசனுக்குத் திரும்பாத நாய் புட்டாவுக்கு வாலை ஆட்டியது. ஆட்டியது என்று சொல்வதும் தப்பு. முறுக்குப் பிழிந்த மாதிரி முதுகில் சுருண்டு கிடக்கிற வாலை எங்கே ஆட்டுவது? பின்பக்கம் மொத்தத்தையும் ஆட்டியது. அன்றிலிருந்து அது புட்டாதான்.

பக் வளர்ப்பது லேசுப்பட்ட காரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முகத்து மடிப்புக்குள் அழுக்குச் சேர்ந்தால் புண்ணாகிவிடும். தினமும் ஈரப்பஞ்சால் துடைக்க வேண்டும். உதிர்கிற ரோமம் வேட்டியில், தலையணையில், ஏன், ரசத்தில்கூட இருக்கும். வாயு விட்டால் மூணு பேர் இருக்கிற அறையில் மூணு பேரும் எழுந்து போக வேண்டும். விட்டவன் மட்டும் ஒன்றும் அறியாதவன் போல முட்டைக் கண்ணால் பார்ப்பான். கணேசமூர்த்தி முதல் மாதம் முழுக்க மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டித் தீர்த்தார். இரண்டாவது மாதம், காய்கறி வாங்கப் போன இடத்தில், "சீக்கிரம் போடுப்பா, புட்டா எனக்காகக் காத்துக்கிட்டிருக்கும்" என்று கடைக்காரனை விரட்டினார். அவர் குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும். வெளியே வந்தால் காசி யாத்திரை போய் வந்தவரை வரவேற்பது போல மூச்சிரைக்கக் குதிக்கும். முப்பது வருஷச் சர்வீஸில் எந்த மேலதிகாரியும் அவரை அப்படி வரவேற்றதில்லை.

அந்த மூச்சிரைப்புதான் வம்பாக வந்தது. மார்ச் மாதம் வெயில் ஏறியதும் புட்டா நாலு எட்டு நடந்தால் நின்றுவிடும். தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தம். கண்டோன்மென்ட் பக்கம் மிருக வைத்தியம் பார்க்கிற நோயல் டாக்டரிடம் புருஷனும் பெண்டாட்டியும் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"இந்த ஜாதிக்கு மூஞ்சியே சப்பை, சார்," என்றார் டாக்டர். "மூக்கு ஓட்டை பாருங்க, இத்துனூண்டு. நமக்கு ஸ்ட்ரா வெச்சி மூச்சு விடற மாதிரிதான் இதுக்கு எப்பவுமே. வெயில்ல விடாதீங்க. வெயிட் ஏற விடாதீங்க." பிறகு அவர் பார்வை கணேசமூர்த்தியின் சட்டைப்பையில் நின்றது. உள்ளே சிகரெட் பெட்டி. "இத வீட்டுலயா பிடிக்கிறீங்க? உங்களுக்கு நாய் வேணும்னா அது ஆவாது சார்."

மங்களம் திரும்பிப் பார்த்த பார்வையில் கணேசமூர்த்தி பாதி எரிந்துபோனார். கல்யாணமான நாளாக அவள் கெஞ்சிப் பார்த்திருக்கிறாள், பட்டினி கிடந்து பார்த்திருக்கிறாள், திருப்பதிக்கு முடிந்து வைத்தும் பார்த்திருக்கிறாள். மனுஷன் அசையவில்லை. நாய்க்காக அன்றைக்கே விட்டார். தெருமுனைப் பெட்டிக்கடைப் பெருமாள்சாமி வழக்கம்போல எடுத்து நீட்டியபோது, "வேணாம்ப்பா, வீட்டுல சின்னப் புள்ள இருக்குது" என்று சொல்லிவிட்டு வந்தார். கையும் வாயும் நமநமவென்று அரித்தன. ஏலக்காயை மென்று மென்று நாக்கு புண்ணானது. சாயங்காலம் ஆனால் அவர் மடியில் புட்டாவும், புட்டாவின் தலையில் அவர் கையுமாக உட்கார்ந்திருப்பதை மங்களம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். "பெத்த புள்ளைக்குக்கூட விடல, இந்த மூஞ்சிக்கு விட்டிருக்காரு பாரு" என்று சாந்தகுமாரியிடம் பெருமையாகச் சொல்வாள். அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பு கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

ஆனால் கரகரப்பு போகவில்லை. மங்களத்துக்கு அதற்கு வைத்தியம் தெரியும். சளி பிடித்த பிள்ளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாய்க்கு டாக்டரா சொல்லித்தர வேண்டும்? வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை புட்டாவுக்குக் குளியல். வெதுவெதுப்பாக நல்லெண்ணெய் தடவி, கடலை மாவு தேய்த்து, வெந்நீர் ஊற்றி, பழைய சேலையில் சுற்றிக்கொண்டு வருவாள். குளித்த உடம்பில் காற்றுப் படக்கூடாதே! சாமி அலமாரி இருக்கிற சின்ன அறைக்குள் போய்க் கதவு ஜன்னல் எல்லாம் சாத்திக்கொள்வாள். கொட்டாங்குச்சியை அடுப்பில் எரித்துக் கங்காக்கித் தூபக்காலில் போட்டு, மேலே சாம்பிராணியைத் தூவி, அதன் மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கூடையின் மேல் புட்டாவைப் பிடித்து உட்கார்த்தி வைப்பாள். தருண் பிறந்தபோது அவளுக்குச் செய்யக் கற்றுக்கொடுத்தது அப்படித்தான். புகை ரோமத்துக்குள் புகுந்து, புட்டா தும்மும். "தும்முடா கண்ணு, சளியெல்லாம் வெளிய வரட்டும்" என்று முதுகைத் தட்டிக்கொடுப்பாள். பத்து நிமிஷத்தில் கண் சொருகி அவள் தோளில் சாய்ந்துவிடும். "பாருங்க, எப்டி நிம்மதியா தூங்கறான்" என்பாள். கணேசமூர்த்தியும் பார்த்து, தலையாட்டியிருக்கிறார்.

சாம்பிராணியை எவனாவது புகைக் கணக்கில் சேர்ப்பானா? சாமிக்குக் காட்டுவது, பச்சைக் குழந்தைக்குப் போடுவது. சிகரெட் வேறு, அது வேறு. ஜூன் மாதம் மழை பிடித்து ஊரே ஈரமாகிக் கரகரப்பு அதிகமானதும், மங்களம் செவ்வாய்க்கிழமையும் போட ஆரம்பித்தாள்.

ஜூலையில் ஒரு வியாழக்கிழமை, கூட வேலை பார்த்த வெங்கடராமனுக்கு ரிட்டையர்மென்ட் விழா. பழைய கூட்டம் எல்லாம் சேர்ந்திருந்தது. பேச்சுவாக்கில் யாரோ ஒருவர் நீட்டினார். கணேசமூர்த்தி ஒன்றே ஒன்று பிடித்தார். நாலு மாத விரதம் நாலு நிமிஷத்தில் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் மங்களம் சட்டையை முகர்ந்து பார்த்தாள்.

"பிடிச்சிட்டு வந்திருக்கீங்க."

"ஒண்ணுதான் மங்களம். அங்க வெச்சிதான். வீட்டுல இல்ல."

"அவன் உங்க மடியில வந்து படுப்பானே, அந்த நெனப்பாச்சும் இருந்திச்சா?"

புட்டா அன்றும் அவர் மடிக்குத்தான் வந்தது. அவர் சட்டையைக் கழற்றி வீசிவிட்டு, பனியனோடு உட்கார்ந்து அதைத் தூக்கிக்கொண்டார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து மழை விடவில்லை, கரண்டும் இல்லை. மங்களம் புட்டாவைக் குளிப்பாட்டி உள்ளே எடுத்துப் போனாள். முந்தின நாள் சிகரெட் வாடை பட்டிருக்கிறதே என்று ஒரு பிடி சாம்பிராணி கூடவே போட்டாள். கணேசமூர்த்தி பால் வாங்கிக்கொண்டு படியேறும்போது அவள் அலறுவது கேட்டது. ஓடிப் போய்க் கதவைத் திறந்தார். உள்ளே வெள்ளையாகப் புகை. மங்களத்தின் மடியில் புட்டா வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. நாக்கு நாவற்பழம் தின்ற நிறத்தில் இருந்தது.

ஆட்டோ ரயில்வே பாலத்துக்கு அடியில் தண்ணீரில் மாட்டிக்கொண்டது. முன்னால் பஸ், பின்னால் லாரி. ஹாரன் சத்தத்துக்கு நடுவில் புட்டா அவரைப் பார்த்தது. அவர் குளியலறையிலிருந்து வெளியே வரும்போது பார்க்குமே, அதே பார்வை. பின்பக்கம் ஒரு தடவை லேசாக அசைந்தது. அப்புறம் அந்தக் கரகரப்பு நின்றுவிட்டது. நோயல் டாக்டரின் க்ளினிக்குக்குப் போனபோது அவர் தொட்டுப் பார்க்கக்கூட அவசரப்படவில்லை.

"இதயம் தாங்கல சார்," என்றார். வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். புதைக்க இடம் இல்லை என்று கணேசமூர்த்தி சொன்னதும், க்ளினிக்குக்குப் பின்னால் கொய்யா மரத்தடியைக் காட்டினார்.

மழையில் நின்றபடியே மங்களம் சொன்னாள்: "ஒரே ஒரு நாளு வாயக் கட்ட முடியல உங்களால. கொன்னுட்டீங்க."

நேற்று சிகரெட், இன்று சாவு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கணேசமூர்த்தியும் அதையேதான் நம்பினார். கையை முகர்ந்து பார்த்தால் சிகரெட் வாடை அடிப்பது போலவே இருந்தது. சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவித் தோல் வெடித்தது.

அதற்குப் பிறகு மங்களம் அவரோடு பேசுவதை விட்டாள். சோறு வரும், காபி வரும், வார்த்தை வராது. தருண் போன் செய்தால், "உங்கப்பா நல்லாத்தான் இருக்காரு, அவருக்கென்னா" என்பாள். ஆறு மாதத்தில் வருவதாகச் சொன்னவன் இன்னும் ஒரு வருஷம் என்று சொல்லியிருந்தான். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மேஜை மேல் மேரி பிஸ்கட் இரண்டு, காகிதத்தில் மடித்து வைத்திருக்கும். போய்க் கொய்யா மரத்தடியில் வைத்துவிட்டு வா என்று அதற்கு அர்த்தம். அவள் வரமாட்டாள். அவர் போவார். பிஸ்கட்டை வைத்துவிட்டு, மழையோ வெயிலோ கொஞ்ச நேரம் நிற்பார். ஆம்பளை அழுவதற்கு அதைவிட வசதியான இடம் அவருக்கு வீட்டில் இல்லை.

ஆயுத பூஜை கழிந்த ஒரு வெள்ளிக்கிழமை, அவர் அங்கே நிற்பதைப் பார்த்து நோயல் டாக்டர் பின்கட்டுக்கு வந்தார்.

"இன்னுமா சார் மனசு ஆறல?"

"எப்டி டாக்டர் ஆறும்? நீங்க அவ்ளோ சொல்லியும் மொத நாளு ஒரு சிகரெட் பிடிச்சேன். அதுல போச்சு."

டாக்டர் முகத்தைச் சுளித்தார். "வெளிய எங்கயோ ஒண்ணு பிடிச்சதுக்கா? அதுல எல்லாம் சாவாது சார். நீங்க தூக்கிட்டு வந்தப்ப அதுக்கு உடம்பெல்லாம் ஒரு வாசனை அடிச்சிதே. ஊதுபத்தி மாதிரி. அன்னிக்கி வீட்டுல என்னா பண்ணீங்க?"

கணேசமூர்த்தி சொன்னார். குளியல், கங்கு, கூடை, சாத்திய கதவு, பத்து நிமிஷத்தில் வரும் தூக்கம், எல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல டாக்டரின் முகம் மாறுவதைப் பார்த்து அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது.

"வாராவாரமா?"

"கடைசியில வாரத்துக்கு ரெண்டு வாட்டி."

டாக்டர் கொய்யா மரத்தைப் பிடித்துக்கொண்டார். "நான் கேட்டிருக்கணும் சார். உங்க பாக்கெட்டப் பாத்தேன், அதோட நிறுத்திட்டேன். எங்க அம்மாவும் எனக்குப் போட்டிருக்காங்க, எனக்கே தோணலியே. மூடுன ரூம்ல அந்தக் கங்கும் புகையும்... அது தூங்கலை சார். மயங்கியிருக்கும்."

கணேசமூர்த்தி வீட்டுக்குப் பஸ் ஏறினார். முதலில் வந்தது துக்கம் அல்ல, சந்தோஷம். ஆமாம், வெட்கத்தை விட்டுச் சொன்னால் சந்தோஷம்தான். நான் கொல்லவில்லை! இத்தனை நாள் தட்டைத் தள்ளித் தள்ளி வைத்தாளே, எதிரில் நின்றால் சுவரைப் பார்ப்பது போலப் பார்த்தாளே! வட்டியும் முதலுமாகக் கொடுத்துவிட வேண்டியதுதான். 'மங்களம், டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா?' என்று ஆரம்பிக்க வேண்டும். அந்த வாக்கியத்தை அவர் வாய்க்குள் நாலைந்து தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வீட்டில் கதவு திறந்திருந்தது. மங்களம் வாசலிலேயே நின்றாள். பூ வைத்திருந்தாள்.

"என்னங்க, தருண் போன் பண்ணான்," என்றாள். அவரைப் பார்த்து. அவர் முகத்தைப் பார்த்து.

அவருக்கு வாயிலிருந்த வாக்கியம் அப்படியே நின்றது.

"அவன் ஃப்ரெண்டு ஹரிஷ் இருக்கானே, வைட்ஃபீல்டுல, அவங்க வீட்டு நாய் குட்டி போட்டிருக்காம். பக்குதான். ஞாயித்துக்கிழமை கொண்டாந்து குடுக்கறானாம்." பேச்சு அவளிடமிருந்து கொட்டியது. "நானும் எத்தினி நாளு உங்கமேல கோவமாவே இருக்கறது? மனுசன்னா ஒரு நாளு புத்தி தடுமாறத்தான் செய்யும். போனது போயிடுச்சு. இனிமே தொட மாட்டீங்கதானே?"

அவள் தன் கையால் செய்ததற்கு அவரை மன்னித்துக்கொண்டிருந்தாள். அவர் சோபாவில் உட்கார்ந்தார். எதிரில் கழுவிக் கவிழ்த்த மூங்கில் கூடை காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பிரிக்காத சாம்பிராணிப் பொட்டலம்.

"இந்த வாட்டி ஏமாறக் கூடாதுங்க. புட்டா வளந்தப்புறம்தானே நம்மகிட்ட வந்தான், அதான் சளி உள்ளயே தங்கிடுச்சு. இத குட்டியிலேர்ந்தே தெனம் சாம்பிராணி போட்டு வளத்துடணும். மூச்சு கிண்ணுனு நிக்கும்." சொல்லிக்கொண்டே தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். "இந்தக் கையில இருந்தப்ப மட்டுந்தாங்க அவன் நிம்மதியா தூங்கினான். அத நெனச்சித்தான் நான் இன்னும் உசிரோட இருக்கேன்."

கணேசமூர்த்தி அந்தப் பொட்டலத்தைப் பார்த்தார். சாம்பிராணி மட்டும் வேண்டாம் என்று சொல்லிப் பார்க்கலாம். ஏன் என்பாள். மங்களம் மக்கு இல்லை. அந்த ஒரு 'ஏன்' போதும், மிச்சத்தை அவளே கோத்துவிடுவாள். அப்புறம் அந்தக் கையை அவள் என்ன செய்வாள்? சோப்புப் போட்டுக் கழுவினால் போகுமா? தனக்கே போகவில்லையே! சொல்லாமல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஒரு குட்டி வரும். அதன் மூக்கு இதைவிடச் சின்னதாக இருக்கும்.

"தோ வரேன்," என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

பெருமாள்சாமி ஆச்சரியப்பட்டான். "என்னா சார், மறுபடியுமா? வீட்டுல சின்னப் புள்ளன்னு சொன்னீங்க?"

"இப்ப இல்ல," என்றார் கணேசமூர்த்தி. ஒரு பெட்டியும் ஒரு தீப்பெட்டியும் வாங்கிக்கொண்டார்.

திரும்பி வந்து நடுவீட்டில், புட்டா படுக்கிற இடத்தில், மின்விசிறிக்குக் கீழே நின்று பற்றவைத்தார். ஜூலையிலிருந்து தொடாதது. முதல் இழுப்பிலேயே இருமல் வந்து கண்ணில் நீர் தள்ளியது. அடக்கிக்கொண்டு இரண்டாவது இழுப்பு இழுத்தார். வாடைக்கு மங்களம் அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

"என்னா பண்றீங்க?"

"பாத்தா தெரியல?"

"இப்பதானேங்க சொன்னேன்? குட்டி வரப்போவுது..."

"என்னால விட முடியல, மங்களம். நடுவுலயும் பிடிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன். உனக்குத் தெரியாம."

கரண்டியிலிருந்து குழம்பு சொட்டிக்கொண்டிருந்தது. "புட்டா உசிரோட இருக்கறப்பவா?"

"ஆமா."

"இங்கியா? வீட்டுலயா?"

"ஆமா."

அவள் முகத்தில் கொஞ்சம் முன்னால் வந்த வெளிச்சம் அணைவதை அவர் நின்று பார்த்தார். பார்க்காமல் திரும்பிக்கொள்ள அவருக்கு ஆசையாக இருந்தது, திரும்பவில்லை. அவள் போனை எடுத்து ஹரிஷின் நம்பரை அழுத்தினாள்.

"தம்பி, நான் தருண் அம்மா பேசறேன். குட்டி வேணாம்ப்பா. வேற நல்ல எடமா பாத்துக் குடு. எங்க வீட்டுல வளராது." வைத்துவிட்டு அவரிடம் திரும்பினாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் குரல் எழும்பவே இல்லை. "நாய் வாலை நிமித்த முடியுமா? என் புத்தியத்தான் செருப்பால அடிச்சிக்கணும்."

சாம்பிராணிப் பொட்டலத்தைச் சாமி அலமாரியில் வைத்தாள். கூடையைப் பரணில் போட்டாள். பிறகு அடுப்படிக்குப் போகாமல் வாசற்படியில் உட்கார்ந்து, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணேசமூர்த்தி அந்தச் சிகரெட்டைக் கடைசிவரை பிடித்தார். கசந்தது. பெட்டியில் மீதி இருந்தவற்றையும் இனி அவள் கண் முன்னால்தான் பிடித்தாக வேண்டும்.